வாசல் தெரிந்தால் கோட்டை பிடிபடுமா?

மார்கழிக் காலையில் செஞ்சிக் கோட்டை அடிவாரத்துக்குப் போனால் ஒரு காட்சியைக் காணலாம். இளவெயில் விழும் பாறைகளின்மேல் தெரு நாய்கள் கால் நீட்டிப் படுத்திருக்கும். அவற்றுக்கு வெயிலிலிருந்து வைட்டமின் டி கிடைக்கிறதா? "கிடைக்கிறது" என்றுதான் உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள். வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா?

அந்தப் பாடம் மனிதனுக்குச் சரி. நாய்க்குச் சரியல்ல. நம் தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருள் இருக்கிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதன்மீது பட்டால் வைட்டமின் டி உருவாகிறது. நாயின் தோலில் இப்பொருள் மிகக் குறைவு. அங்குள்ள ஒரு நொதி அதை வேகமாகக் கொலஸ்டிராலாக மாற்றிவிடுகிறது. ஆகவே வெயில் எவ்வளவு பட்டாலும் நாய்க்குத் தேவையான அளவு வைட்டமின் டி தோலில் உண்டாவதில்லை. 1994இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். நாய் இந்த வைட்டமினை உணவிலிருந்துதான் பெற வேண்டும்.

இந்த வேறுபாட்டின் சாயலை 1919ஆம் ஆண்டிலேயே காணலாம். எலும்புகள் மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றி அப்போது இரண்டு ஆராய்ச்சிகள் நடந்தன. ஜெர்மனியில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் குழந்தைகளின் உடலில் புற ஊதா விளக்கொளியைப் பாய்ச்சி அந்நோயைக் குணப்படுத்தினார். இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு வந்த ரிக்கெட்ஸை மீன் எண்ணெயால் தடுத்துக் காட்டினார். குழந்தைக்கு ஒளி உதவியது. நாய்க்கு உணவு உதவியது. வைட்டமின் டி என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது.

இனி நம் பொருளுக்கு வருவோம். பெட்டை நாய்களை அதிகமாகத் தாக்கும் கட்டிகளுள் பால்மடிக் கட்டியும் ஒன்று. நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடிப் பால் சுரப்பிகள் உண்டு. பின்னங்கால் பக்கமுள்ள இரண்டு ஜோடிகளில்தான் கட்டி அதிகமாகத் தோன்றுகிறது. நடுத்தர வயதைக் கடந்த நாய்களுக்கே இது மிகுதி. இக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி தீங்கற்றவை, மறுபாதி புற்றுநோய். புற்றுநோயாக இருந்தால் அது நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் பரவக்கூடும்.

இக்கட்டிகளைச் சோதித்த ஆய்வாளர்கள் அவற்றில் வைட்டமின் டி ஏற்பிகள் இருப்பதைக் கண்டார்கள். ஏற்பி என்பது என்ன? செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் நீண்ட மதில் இணைக்கிறது. மதிலில் வாசல்கள் உண்டு; ராஜகிரி உச்சிக்கு அருகே ஒரு பாறைப் பிளவைக் கடக்க ஒரு பாலமும் உண்டு. நம் உடலின் செல்லும் ஒரு கோட்டைதான். இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் மதிலைத் தாண்டி உள்ளே நுழைவதில்லை. மதிலில் நிற்கும் காவலனிடம், அதாவது ஏற்பியிடம், செய்தியைச் சொல்கின்றன. அவன் அதை உள்ளே அனுப்புகிறான். வைட்டமின் டி கொழுப்பில் கரையும் பொருள். அது மதிலை ஊடுருவி உள்ளே போய்விடும். அதை எதிர்கொள்ளும் ஏற்பி செல்லின் உள்ளே, உட்கருவில் இருக்கிறது. அது ஒரு புரதம். கல்லீரலும் சிறுநீரகமும் மாற்றியமைத்துத் தந்த வைட்டமின் டி அதனுடன் சேர்ந்ததும், அது மற்றொரு புரதத்தோடு இணைந்து டி.என்.ஏ.யில் அமர்கிறது. சில ஜீன்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன, சில ஓய்கின்றன.

மனித மார்பகப் புற்றுநோய் செல்களில் இந்த ஏற்பி இருப்பது 1979இல் அறிவிக்கப்பட்டது. சோதனைக்கூடத் தட்டுகளில் வளர்க்கப்பட்ட பலவகைப் புற்றுநோய் செல்களின் பெருக்கத்தை, மாற்றமடைந்த வைட்டமின் டி குறைக்கிறது என்பதும் அதன் பின்னர் தெரியவந்தது. இவை உண்மையான, மதிப்பு வாய்ந்த கண்டுபிடிப்புகள்.

ஆனால் இதைக் கேள்விப்பட்டவுடன் பலருக்கு ஒரு யோசனை தோன்றும். "கட்டியில் வைட்டமின் டி ஏற்பி இருக்கிறது, அப்படியானால் நாய்க்கு வைட்டமின் டி மாத்திரை கொடுத்தால் கட்டி கரைந்துவிடும்!" இந்த யோசனை தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்பதே என் கருத்து.

1690இல் மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. கோட்டைக்கு எத்தனை வாசல்கள், அவை எங்கே உள்ளன என்பதெல்லாம் வெளியே நின்றவர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல. ஆயினும் கோட்டை அவர்கள் கைக்கு வந்தது 1698இல்தான்! வாசல் இருப்பதை அறிவது ஒன்று. கோட்டையைப் பிடிப்பது வேறொன்று. ஏற்பியைக் காண்பதற்கும் நோயை வெல்வதற்கும் இடையே அதே தூரம் இருக்கிறது.

மனிதர்களிடம் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் டி கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புதிதாகப் புற்றுநோய் வருவது வைட்டமின் உண்டவர்களிடம் குறையவில்லை. 2018இல் வெளியான முடிவு இது.

"பலன் இல்லாவிட்டால் போகட்டும், ஒரு மாத்திரையால் என்ன கெடுதல்?" என்று நீங்கள் கேட்கலாம். வைட்டமின் சி அதிகமானால் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். வைட்டமின் டி அப்படியல்ல, கொழுப்பில் தங்கிவிடும். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. நாய் வாந்தி எடுக்கும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சிறுநீரகம் பழுதாகும், உயிரும் போகலாம். வைட்டமின் டி3 எலி மருந்தாகவே பல நாடுகளில் விற்கப்படுகிறது என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான். மனிதனுக்கான ஒரு மாத்திரை, பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு எவ்வளவு பெரியது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் ஏற்பி ஆராய்ச்சி வீணா? இல்லவே இல்லை. அதன் பயனை வேறோர் ஏற்பியிடம் கண்கூடாகக் காணலாம். பால்மடிக் கட்டிகள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களுக்கான ஏற்பிகளும் இருக்கின்றன. இந்த ஹார்மோன்களைப் பெருமளவு சுரப்பவை கருப்பைகளை அடுத்துள்ள சினைப்பைகள். சினைப்பையை இளம் வயதிலேயே அகற்றிவிட்டால் அந்த ஏற்பிகளுக்கு வரும் செய்தி நின்றுவிடும் அல்லவா? 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. கருத்தடை செய்யப்படாத நாய்க்குள்ள அபாயத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் சினைப்பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்கு அது 0.5, முதல் பருவத்துக்குப் பின் செய்தால் 8, இரண்டாவது பருவத்துக்குப் பின் என்றால் 26.

இத்துறை ஆய்வுகளை 2012இல் மறுபரிசீலனை செய்தவர்கள், சான்றுகள் இன்னும் வலுவாக வேண்டும் என்று எழுதினார்கள். அதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரே ஆய்வின் எண்ணை வேதவாக்காகக் கொள்வது விஞ்ஞானம் அல்ல. ஆனாலும் ஹார்மோன், ஏற்பி, கட்டி என்ற தொடர்பு பல வழிகளில் உறுதிப்பட்டிருக்கிறது. நாய் பருவத்துக்கு வராமலிருக்கச் சிலர் போடச் செய்யும் புரோஜெஸ்டின் ஊசி, பால்மடிக் கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதும் அந்தத் தொடர்புக்குச் சாட்சி.

எனவே என் வாதம் இதுதான். நாயின் உயிரைக் காப்பதற்கு நம் கையில் இன்று இருப்பவை மாத்திரை டப்பாக்கள் அல்ல. மூன்று எளிய செயல்கள்.

முதலாவது, குட்டி ஈனவைக்கும் எண்ணம் இல்லையென்றால் காலத்தோடு கருத்தடை செய்வது. எந்த வயதில் என்பதை நாயின் இனத்தையும் உடல்நிலையையும் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வார். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வழிசெய்யும் விதிகள் நம் நாட்டில் 2001 முதலே உள்ளன. 2023இல் அவை திருத்தி எழுதப்பட்டன. நாய்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்காகவே அதைப் பேசுகிறோம். அந்தப் பெட்டை நாய்களின் நலனுக்கும் அது உதவும் என்பதை ஏனோ பேசுவதில்லை.

இரண்டாவது, மாதம் ஒருமுறை வீட்டு நாயின் அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பது. பட்டாணி அளவு கட்டி தட்டுப்பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறிதாக இருக்கையில் அறுத்தெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அறுத்த கட்டியை எறிந்துவிடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்க வேண்டும். அது எவ்வகைக் கட்டி என்பதை நுண்நோக்கிதான் சொல்லும். 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன. ஓர் எச்சரிக்கை: இந்தச் சோதனை நன்றாகப் பழகிய, தடுப்பூசி போட்ட வீட்டு நாய்க்கு மட்டுமே, அதுவும் பெரியவர் உடனிருக்கும்போது. தெரு நாயைத் தொட வேண்டாம்.

மூன்றாவது, நல்ல உணவு. வெறும் சோற்றில் வைட்டமின் டி இல்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, மீன், சிறிதளவு ஈரல் ஆகியவற்றில் உண்டு. வெயில் கொடுக்காததை நாய்க்கு நாம்தான் தட்டில் வைக்க வேண்டும்.

வைட்டமின் டி ஏற்பியின் கதை இன்னும் முடியவில்லை. கால்சியத்தை ஏற்றாமல் கட்டியை மட்டும் அடக்கும் மாற்றுப் பொருள்களை வேதியியலார் தேடிவருகிறார்கள். நம்மோடு ஒரே வீட்டில் வாழும் நாய்க்கு இயற்கையாக வரும் கட்டி, மனிதனின் நோயைப் புரிந்துகொள்ளவும் உதவும். அந்த வேலை உங்களில் சிலருக்காகக் காத்திருக்கிறது. அதுவரை, "இதில் அந்த ஏற்பி இருக்கிறதாம், ஆகவே இந்த மாத்திரை நல்லதாம்" என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கொடுத்துப் பார்த்தார்களா? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா?" இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரே விஞ்ஞான மாணவர்.