படத்தின் மூலையில் ஒரு பெயர்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் பெரியோர் வாக்கு. சுவர் மட்டும் இருந்தால் போதுமா? சித்திரம் எழுதும் கையும் வேண்டும் அன்றோ! அந்தக் கைக்குச் சோறு வேண்டும். அந்தக் கைக்கு உரியவருக்கு ஒரு பெயரும் வேண்டும். இதை நாங்கள் சென்ற டிசம்பர் மாதத்தில்தான் கற்றுக்கொண்டோம். அதுவும் ஒரு தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டோம்.

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி, ஏழை மாணவியர் நிதிக்காக வாழ்த்து அட்டைகள் அச்சிட்டு விற்பதென எங்கள் வகுப்பு முடிவு செய்தது. இணையத்தில் தேடியபோது அழகிய குடில் படம் ஒன்று அகப்பட்டது. நம் சீமையின் புலிக்குளம் மாடு குழந்தை இயேசுவை நுகர்ந்து பார்க்கிறது. தேவமாதா கண்டாங்கிச் சேலை உடுத்தி அமர்ந்திருக்கிறார். மூலையில் சிறிய எழுத்தில் ஒரு கையெழுத்து. "இது இருந்தால் அட்டை எடுப்பாக இராது" என்று சொல்லி, கைபேசியிலேயே அதை வெட்டி நீக்கினோம். இருநூறு அட்டைகளும் விற்றுப்போயின. எல்லாரும் பாராட்டினர். அட்டை வாங்கிய தாயார் ஒருவர் மட்டும், "இதை வரைந்தது யாரம்மா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பெயரை வெட்டிய நாங்கள், அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை!

தனியாகத் தொழில் செய்யும் ஓவியரின் வாழ்வைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு அலுவலகம் இல்லை. மாதச் சம்பளம் இல்லை. சேமநல நிதியும் இல்லை. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் வர வேண்டும். அந்த அடுத்த படத்தை அவரிடம் அழைத்து வருவது எது? முந்தைய படத்தின் அடியில் உள்ள பெயரே.

நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1938-இல் பிறந்தவர் ரங்கநாதன். 1959-இல் சென்னைக்குச் சென்று, சினிமா விளம்பரப் பலகை வரையும் தொழிலில் இருந்தார். பின்னர் குமுதம் முதலிய பத்திரிகைகளின் கதைகளுக்குப் படம் வரைந்தார். 2023-இல் மறைந்தார். ரங்கநாதன் என்று சொன்னால் அறிந்தவர் சிலரே. "ஓவியர் மாருதி" என்று சொல்லுங்கள். நம் பாட்டிமாரும் அம்மாமாரும் முகம் மலர்வார்கள். படத்தின் அடியில் அவர் இட்ட மூன்றெழுத்துக் கையெழுத்து செய்த வேலை அது. 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது படம் வரைந்த மணியம் அவர்களும் அவ்வாறே இன்றும் பெயரோடு நினைக்கப்படுகிறார்.

அன்று பத்திரிகையே ஓவியரை வாசகரிடம் கொண்டு சேர்த்தது. இன்றோ ஓவியர் பலர் தம் படங்களைத் தாமே இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் பார்வைக்கு வைக்கின்றனர். அதைப் பார்த்தே பதிப்பகத்தாரும் பிறரும் வேலை தருகின்றனர். ஆகவே இணையத்தில் உள்ள படம், ஜவுளிக்கடை முகப்பில் தொங்கவிட்ட சேலையைப் போன்றது. பார்க்கலாம், விலை கேட்கலாம், உருவிக்கொண்டு நடக்கலாமா? கையெழுத்தோ அந்தக் கடையின் பெயர்ப் பலகை. நாங்கள் சேலையையும் எடுத்தோம், பலகையையும் பிடுங்கினோம்.

"நல்ல காரியத்துக்குத்தானே எடுத்தோம்?" என்று முதலில் நாங்களும் வாதாடினோம். நம் திருக்கோஷ்டியூர் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. பதினெட்டு முறை நடந்து வந்து நம்பியிடம் மந்திர உபதேசம் பெற்ற இராமானுசர், கோயில் மீது ஏறி அதை எல்லாருக்கும் அறிவித்தார் என்பர். அதனால் வரும் தண்டனையைத் தாமே ஏற்கவும் துணிந்தார். குருவின் பெயரையும் அவர் மறைக்கவில்லை. நாங்கள் செய்தது அப்படியா? இழப்பைப் பிறர் தலையில் வைத்துவிட்டுப் புகழை நாங்கள் பெற்றோம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்!

சட்டமும் ஓவியர் பக்கமே நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் படத்துக்கு உரிமை உண்டு. அது ஓவியரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. பணம் கொடுத்து வரையச் சொன்னவருக்கு உரிமை போய்ச் சேர்வதும் உண்டு. ஆயினும், "இதைப் படைத்தவன் நான்" என்று சொல்லும் உரிமை மட்டும் படைத்தவரை விட்டு நீங்காது என்கிறது அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு. புதுதில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979-இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்தது. அவர் தொடுத்த வழக்கில் 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தருமாறு அரசுக்கு ஆணையிட்டது. அரசுக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

சட்டத்துக்கு அஞ்சுவதைவிட மனச்சாட்சிக்கு அஞ்சுவது மேல். உழைத்தவரின் கூலியைப் பறிப்பது வானகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். அந்தக் கூலி வயல் வேலைக்கு மட்டும் உரியதன்று, தூரிகைக்கும் உரியது.

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். எங்கள் வகுப்பில் நன்றாக வரையும் தோழியர் மூவரும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களே. பெற்றோரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை உண்மையாக்குபவர்கள் யார்? படத்தை இலவசமாக எடுத்துக்கொள்ளும் நாம்தான் அல்லவா?

அந்த ஓவியரைத் தேடிக் கண்டுபிடித்து, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினோம். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்படத்தை வரைய மூன்று நாள் ஆயிற்று என்றும், "கேட்டிருந்தால் உங்கள் நிதிக்கு நானே மகிழ்ச்சியோடு தந்திருப்பேன்" என்றும் எழுதியிருந்தார். எந்தத் தண்டனையும் எங்களை இவ்வளவு சுட்டிராது.

ஆகவே தோழியரே, படம் வேண்டுமானால் கேட்போம். விலை சொன்னால் கொடுப்போம். பெயரை ஒருபோதும் வெட்டோம். இவ்வாண்டு மலரில் ஒவ்வொரு படத்தின் அடியிலும் வரைந்த மாணவியின் பெயரை அச்சிட வேண்டுமென ஆசிரியர் குழுவைக் கேட்டோம், அன்புடன் இசைந்தார்கள். பக்கங்களைப் புரட்டும்போது படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், மூலையில் இருக்கும் பெயரையும் வாசியுங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி