கடினத்தைக் களையாதீர், வேகத்தைக் குறையுங்கள்



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்கித் தரும் பெற்றோர் பலர். இரண்டே மாதங்களில் அது அலமாரியின் மேல் தூசி படிந்து கிடப்பதும் பல இல்லங்களில் காணும் காட்சியே. ‘இவனுக்கு இசை வராது’ என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம். குறை பிள்ளையிடமா, கற்பிக்கும் முறையிலா?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குளோரியா கெய்னர் பாடி 1978ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஐ வில் சர்வைவ்’ உலகறிந்த டிஸ்கோ பாடல். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வதைக் கார்ட் என்பர். இப்பாடலுக்குரியவை எட்டு: ஏ மைனர், டி மைனர், ஜி, சி மேஜர் 7, எஃப் மேஜர் 7, பி மைனர் 7 ஃபிளாட் 5, ஈ சஸ் 4, ஈ. ஒவ்வொன்றும் நான்கு தட்டுகள் நீடிக்கும். பல்லவியாயினும் சரணமாயினும் இதே சுற்றுதான். எட்டையும் கைவரப்பெற்றவன் முழுப் பாடலையும் வாசித்துவிடலாம்.

ஆயினும், பிள்ளைக்கு எளிதாகட்டும் என்று எண்ணி, சி மேஜர் 7ஐச் சி என்றும், எஃப் மேஜர் 7ஐ எஃப் என்றும் சுருக்கிக் கொடுப்போர் உளர். பெயர் சுருங்குகிறது, விரல்களுக்கோ வேலை கூடுகிறது. முழு எஃப் கார்டுக்குச் சுட்டுவிரல் ஒன்றே ஆறு கம்பிகளின் குறுக்கேயும் அழுந்திக் கிடக்க வேண்டும். சிறு பிள்ளையின் விரல் அதற்கு எங்கே போகும்? எஃப் மேஜர் 7க்கு மூன்று விரல்கள் போதும். சி கார்டைப் பிடித்துச் சுட்டுவிரலை மட்டும் எடுத்துவிட்டால் அதுவே சி மேஜர் 7. பெயர் நீண்டவையெல்லாம் கடினமானவை அல்ல.

உண்மையான இடர்ப்பாடு வேகத்தில் இருக்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 117 தட்டுகளில் ஓடும் பாடலை முதல் நாளிலேயே அவ்வாறு வாசிக்கச் சொல்வது தகுமா? 60 தட்டுகளில் தொடங்கட்டும். அடுத்தடுத்து வரும் இரண்டு கார்டுகளை மட்டும் மாற்றி மாற்றிப் பழகட்டும். ஈ சஸ் 4இலிருந்து ஈ கார்டுக்குச் செல்கையில் ஒரே ஒரு சுரம் அரைச்சுரம் இறங்குகிறது. அந்த நுட்பம் நிதானமாக வாசிக்கும்போதுதான் செவிக்கு எட்டும். தடுமாற்றம் நீங்கிய பின்னர் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

வகுப்பறையிலும் இதுவே நிகழ்கிறது. மாணவன் வாசிக்கத் திணறினால் நீண்ட சொற்களை நீக்கிப் பகுதியைச் சுருக்குகிறோம். அவனுக்குத் தேவைப்பட்டது இன்னும் சற்று நேரமே. சுருக்கிக் கொடுத்ததை அவன் விரைவில் முடித்துவிடுவான். எனினும், முழுமையான ஒன்றைத் தன்னால் செய்ய இயலும் என்ற நம்பிக்கை அவனுக்குக் கிட்டாமலே போய்விடும்.

அலமாரியின் மேலிருக்கும் கிட்டாரை இறக்கிக் கொடுங்கள். முழுப் பாடலையும் கொடுங்கள். கூடவே போதிய காலத்தையும் கொடுங்கள்.