உணவு விநியோகத் தொழில்: வாடிக்கையாளர் ஏடு யார் கையில்?

வேலை கேட்காதீர்கள், வேலை கொடுப்பவர்களாக மாறுங்கள் என்பது ஒன்றிய ஆட்சியாளர்கள் இளைஞர்களுக்கு ஓயாமல் வழங்கிவரும் அறிவுரை. பக்கோடா விற்பதும் வேலைவாய்ப்புதான் என்று 2018இல் பிரதமர் கூறியதைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கோடாக் கடை இப்போது நவீன உருவம் எடுத்திருக்கிறது. ஒரு சமையலறை, இரண்டு இருசக்கர வாகனங்கள், ஒரு கைபேசி இருந்தால் உணவகச் சாப்பாட்டை வீடுவீடாகக் கொண்டு சேர்க்கும் தொழிலைத் தொடங்கிவிடலாம் என்று சொல்லப்படுகிறது. நம் இளைஞர் அரங்கத் தோழர்கள் சிலரும் இதைக் கேட்கத் தொடங்கியுள்ளனர். கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்குவது சரியல்ல. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தொடங்குவது உண்மையிலேயே எளிது. சிறு சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சாதாரணப் பதிவு போதும். சமைக்கத் தெரிந்த கைகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. அக்கம்பக்கத்து வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் சொல்ல, கடைப் பையனே கொண்டுபோய்க் கொடுக்கும் வரை சிக்கலும் பெரிதாக இல்லை. விற்பனையைப் பெருக்கச் செயலி நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 300 ரூபாய்க்கு ஒரு சாப்பாடு விற்கப்படுகிறது. செயலியின் கமிஷன் 25 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 75 ரூபாய் போய்விடும். அந்தக் கமிஷன் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 13 ரூபாய் 50 காசு. உணவகங்கள் 5 விழுக்காடு வரி வரம்பில், உள்ளீட்டு வரி வரவு இல்லாமல் இருப்பதால் இந்தத் தொகையைத் திரும்பப் பெற வழியில்லை. மிஞ்சுவது 211 ரூபாய் 50 காசு. அரிசி, எண்ணெய், காய்கறி, எரிவாயு, வாடகை, சமையல்காரர் கூலி, பொட்டலம் கட்டும் டப்பா எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தள்ளுபடியில் உணவகத்தின் பங்கு தனி; பட்டியலில் மேலே தெரியக் கட்டும் விளம்பரக் கட்டணம் தனி. மறுபக்கம், 2023இல் 2 ரூபாயில் தொடங்கிய மேடைக் கட்டணம் இரண்டே ஆண்டுகளில் 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. இதைச் செலுத்துபவர் சாப்பிடுபவர்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. யார் வாங்கினார், எங்கே இருக்கிறார், எந்தக் கிழமையில் எதை விரும்புகிறார் என்ற விவரம் சமைத்தவரிடம் சேர்வதில்லை. பழைய மெஸ் முதலாளியின் மேசையில் கிடந்த மாதாந்திரப் பற்று ஏடு இன்று செயலி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. வாடிக்கையாளர் விவரம் மறைக்கப்படுவது, கமிஷன் கட்டுக்கடங்காமல் போவது உள்ளிட்ட குறைகளை உணவக உரிமையாளர்களின் தேசியச் சங்கம் முறையிட்டதன் பேரில், சொமாட்டோ, ஸ்விக்கி மீதான விசாரணைக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. சிறு முதலாளிகளே ஏகபோகத்தின் மீது வழக்காட நேர்ந்திருப்பது கவனத்திற்குரியது.

அப்படியானால் நாமே இன்னொரு செயலியைத் தொடங்கினால் என்ன? உபர் 2017இல் உணவு விநியோகத்தில் இறங்கி, 2020 ஜனவரியில் சொமாட்டோவிடம் விற்றுவிட்டு வெளியேறியது. அமேசான் 2020இல் பெங்களூருவில் தொடங்கி 2022 இறுதியில் மூடியது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுக்கு நேர்ந்த கதி இது. 2008இல் உணவகப் பட்டியல் தளமாகப் பிறந்த சொமாட்டோவே 2023 ஏப்ரல்-ஜூன் காலாண்டில்தான் முதன்முதலாக 2 கோடி ரூபாய் லாபம் காட்டியது. ஸ்விக்கியின் 2024-25 நிதியாண்டு நஷ்டம் 3,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கி, போட்டியாளர்களை ஓடவைத்து, பிறகு கட்டணத்தை உயர்த்தும் வலிமை நிதி மூலதனத்திற்கு மட்டுமே உண்டு. ஊர்ச் சீட்டுப் பணத்தில் இந்த ஆட்டத்தை ஆட முடியாது.

இந்த ஆட்டத்தின் சுமை கடைசியில் இறங்குவது வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டுபவரின் முதுகில். வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, கைபேசியும் அதன் டேட்டாவும் அவருடையவை. உணவகத்தின் வாசலில் காத்திருக்கும் நேரமும் அவருடையதே. உற்பத்திச் சாதனத்தைத் தொழிலாளியே வாங்கிக் கொண்டுவர வேண்டும். ஆனால் அவர் முதலாளி அல்லர், ‘பங்குதாரர்’ என்ற அலங்காரப் பெயர் மட்டும் உண்டு. லாபத்தில் பங்கில்லாத இந்தப் பங்குதாரரின் அடையாள எண்ணை முடக்கிவிட்டால் அன்றே வேலை போய்விடும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளரை அங்கீகரித்திருப்பதாக அரசு பெருமை பேசுகிறது. ஆனால் அதன் வரையறையே மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்பதுதான். நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நிதி செலுத்த வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கும் வேலை நேரத்திற்கும் அதில் பதில் இல்லை. 2023இல் ராஜஸ்தானும் 2025இல் கர்நாடகமும் இயற்றிய சட்டங்கள் ஓரளவு முன்னேற்றம். வேலையிலிருந்து நீக்குவதற்கு எழுத்துப்பூர்வமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்று கர்நாடகச் சட்டம் கூறுவது தொழிலாளர் போராட்டத்தின் பலன்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். செயலியால் நசுக்கப்படும் சிறு உணவக உரிமையாளர் ஏகபோகத்திற்கு எதிரான போரில் நம் பக்கம் நிற்கக் கூடியவர். ஆனால் அவரிடம் வேலை செய்யும் விநியோகப் பையனுக்கு ஈஎஸ்ஐ, பிஎஃப் பெரும்பாலும் கிடையாது. வார விடுமுறையும் பல இடங்களில் கிடையாது. கமிஷன் குறைந்தால் மிஞ்சும் தொகை அந்தப் பையனின் கூலியாக மாறும் என்று நம்புவது வெகுளித்தனம். ‘நேரடியாகக் கடையில் ஆர்டர் செய்யுங்கள்’ என்ற இயக்கத்தை நாம் ஆதரிக்கலாம். கடைத் தொழிலாளியின் கூலியையும் அதே மூச்சில் பேச வேண்டும்.

மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் கூட்டுறவு ஆலைகளைப் பழைய சமூகத்துக்குள் தோன்றும் புதியதன் முளைகளாகக் கண்டார். பழைய முறையின் குறைகளை அவையும் சுமக்கும் என்பதையும் சேர்த்தே எழுதினார். நமக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 1950களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடித் தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்தியபோது, தோழர் ஏ.கே.கோபாலன் காட்டிய வழியில் அவர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளை ஏற்று நடத்தினர். 1957 ஆகஸ்டில் பெங்களூருவிலும் 1958 மார்ச்சில் திருச்சூரிலும் பிறந்த இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் நிற்கிறது. வேலை போன பரிமாறுநர்கள் வாரியக் கூட்டத்தில் உட்கார்ந்து தோசை விலையைத் தீர்மானித்த வரலாறு அது.

விநியோகத்திற்கும் முன்மாதிரிகள் உண்டு. மும்பையின் டப்பாவாலாக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செயலியே இல்லாமல் இயங்குபவர்கள். குறிப்பிட்ட பகுதியைச் சேர்ந்த ஆண்களே பெரும்பாலும் அங்கம் வகிக்கும் அமைப்பு என்பதால் அதை இலட்சியமாக்க வேண்டியதில்லை. அதன் கணக்கு முறைதான் நமக்குப் பாடம். கேரளத்தில் குடும்பஸ்ரீ 2024 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ‘லஞ்ச் பெல்’ திட்டத்தில், பெண்கள் சமைத்த மதிய உணவு எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தில் அலுவலகங்களுக்குச் செல்கிறது. காலிப் பாத்திரம் திரும்பி வருகிறது. செயலி அங்கும் உண்டு. அது யாருக்குச் சொந்தம் என்பதில்தான் வேறுபாடு.

செயலி நிறுவனத்தின் முறையில் ஒரு தொழிலாளி ஒரு பொட்டலத்தோடு ஒரு வீட்டுக்கு விரைகிறார். 10 நிமிடம் என்ற விளம்பரம் அவர் உயிரைப் பணயம் வைத்தது. டப்பாவாலா முறையிலும் லஞ்ச் பெல்லிலும் ஆர்டர் முன்கூட்டியே தெரியும், நேரம் நிலையானது, ஒரே சுற்றில் பல சாப்பாடுகள் போகின்றன. முப்பது சாப்பாட்டுக்கு முப்பது பயணம் தேவையில்லாதபோது, கூட்டுறவு அமைப்பால் கூலியும் கொடுக்க முடியும், கணக்கும் தாங்கும். நள்ளிரவில் பிரியாணி கேட்பவரை நிறுவனங்களிடமே விட்டுவிடலாம். அந்தப் போட்டியில் நாம் தோற்பது உறுதி.

எனவே கேள்வி கேட்கும் இளம் தோழர்களுக்கு என் பதில்: கடன் வாங்கிச் செயலி செய்யாதீர்கள். எல்ஐசி, வங்கி, பிஎஸ்என்எல், மருத்துவமனை என்று நம் சங்கங்கள் வலுவாக உள்ள ஒரு வளாகத்தைத் தேர்ந்தெடுங்கள். மதியம் எத்தனை பேர் வெளியே சாப்பிடுகிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள், மாதச் சந்தா முன்பணமாகத் தர எத்தனை பேர் தயார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். நூறு பேர் தேறினால், சமைக்கும் பெண்களையும் வண்டி ஓட்டுபவரையும் சம உறுப்பினர்களாகக் கொண்ட சங்கத்தின் பதிவு விண்ணப்பத்தை எழுத உட்காரலாம். அதுவரை, தெருமுனையில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் தொழிலாளரிடம் சங்க உறுப்பினர் படிவத்தைக் கொண்டுசெல்லும் வேலை பாக்கி இருக்கிறது.