ஒரு வாஷர் மிச்சம்

எதையாவது கழற்றி மாட்டிய பிறகு ஒரு ஸ்க்ரூவோ நட்டோ மிஞ்சுவது நம் வீடுகளில் சகஜம். மிக்ஸியில் மிஞ்சும், டேபிள் ஃபேனில் மிஞ்சும். "ஓடுதில்ல, விடு" என்று சொல்லி அதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்போம். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. கார் சீட்டைக் கழற்றும்போது அந்தப் பாட்டிலை மறந்துவிட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன முறை நியூஜெர்சியில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது நடந்தது. அவனிடம் ஒரு பழைய மாஸ்டா மியாட்டா இருக்கிறது. இரண்டே சீட், மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை, சுவிட்சைத் தட்டினால் மேலே எழும்பும் ஹெட்லைட். 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மாடல். 2016-ல் மொத்த உற்பத்தி 10 லட்சத்தைத் தொட்டது. மகனுடையது முதல் தலைமுறை வண்டி, கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது கார் ஷெட்டில் பாதி நாள் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

அதற்குள் உட்கார்ந்தால் நனைந்த சாக்கு நாற்றம். காரணம் இதுதான். துணிக்கூரையில் விழும் மழைநீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள குழாய்கள் வழியாகக் கீழே இறங்கிவிட வேண்டும். இலையும் பைன் மரத்து ஊசியும் அந்த வாயை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் மெத்தை அதைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதற்குக் கீழே இருப்பது தகடு. துரு பிடிக்கக் கேட்கவா வேண்டும்?

"மெக்கானிக்கிட்ட விட்டுடேன்டா" என்றேன்.

"சீட்டுக்கு நாலு போல்ட்தாம்ப்பா. நாமளே பண்ணிடலாம்" என்றான்.

நான் 36 வருஷம் பேங்கில் வேலை பார்த்தவன். ஸ்கூட்டர் பங்ச்சர் ஆனால்கூடத் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விட்டவன். கையில் கிரீஸ் படுவது படித்தவனுக்கு அழகில்லை என்று ஒரு நினைப்பு. அதை மகனுக்கும் ஊட்டித்தான் வளர்த்தேன், நல்லவேளை ஒட்டவில்லை.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினான். இந்த வண்டியில் பேட்டரி இருப்பது டிக்கியில். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட் இரண்டு, முன்னால் தள்ளிப் பின் போல்ட் இரண்டு. அடியில் போகும் ஒயர் கனெக்டரைப் பிடுங்காமல், கிளிப்பை அழுத்தி மெதுவாகப் பிரித்தான். கூரை திறந்திருந்ததால் சீட்டை நேராக மேலே தூக்கி எடுத்துவிட்டோம். வாசல் ஓரத்துப் பெயிண்ட் கீறாமல் இருக்க ஒரு பழைய போர்வை விரித்தது என் யோசனை.

கழற்றுவது அரை மணி நேரம். கார்ப்பெட்டை வெயிலில் போட்டால் மெத்தை காய இரண்டு நாள். குழாய் அடைப்பை வளையும் பிளாஸ்டிக் டையால் நெம்பி எடுத்தோம். கம்பியை விட்டுக் குத்தினால் குழாயே கிழிந்துவிடும் என்றான். சும்மா இருக்காமல் நான் வலது பக்கத்து சீட்டிலிருந்து பெல்ட்டின் பக்கிளைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த பிசுக்கைத் துடைத்து மாட்டினேன். அதை மகனிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை எல்லாவற்றையும் மாட்டினோம். நாலு போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்று விட்டு, பிறகுதான் ஸ்பேனர். ஒன்றை மட்டும் முதலில் இறுக்கினால் மற்றது துளைக்கு நேராக வராது. இரண்டு தண்டவாளமும் ஒரே பல்லில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சீட் ஒரு பக்கம்தான் பூட்டிக்கொள்ளும். கடைசியாக டார்க் ரென்ச் வைத்து, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்கினான்.

போர்வையை மடிக்கும்போது 'டிங்' என்று ஒரு வாஷர் விழுந்தது.

"பழசு எதுவோ இருக்கும். அதான் உக்காந்துடுச்சே, விடு" என்றேன். மணி ஏழரை, எனக்குப் பசி.

மகன் வாஷரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு இந்த சீட்ல அம்மாவ உக்கார வச்சு ரவுண்டு கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன்ப்பா" என்றான்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி பேட்டரியிலிருந்து ஆரம்பித்தான். நானும் பக்கிள் விஷயத்தைச் சொன்னேன். அங்கேதான் இருந்தது அதன் இடம். அது இல்லாமலே ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பக்கிள் அந்த சீட்டோடு சேர்ந்தது. மோதும்போது ஆளைப் பிடித்து நிறுத்துவது சீட், பெல்ட், அந்த போல்ட்டுகள் மூன்றும் சேர்ந்துதான். அங்கே 'இருக்கலாம்' என்ற வார்த்தைக்கு இடம் கிடையாது.

சாப்பிடும்போது என்னை ஒன்று உறுத்தியது. பேங்கில் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக மாட்டோம். பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாயைப் போட்டுச் சரிக்கட்டுவதும் தப்பு. எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பது மணி வரை உட்கார்ந்த நாள் உண்டு. யாருடைய ரூபாய்க்கோ அப்படி உட்கார்ந்தவன், வீட்டுக்காரி உட்காரப்போகும் சீட்டுக்கு "விடு" என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே என் கட்சி இது. வீட்டிலேயே கழற்றுங்கள், தாராளமாகக் கழற்றுங்கள். மெக்கானிக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை. நம் வண்டிக்குள் என்ன இருக்கிறது, எங்கே ஈரம், எங்கே துரு என்று நம் கண்ணால் பார்ப்பதற்காக. ஆனால் சந்தேகம் வந்தால் இரண்டாவது முறையும் கழற்றும் பொறுமை உள்ளவர்தான் முதல் முறை கழற்றலாம். ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள், கழற்றும் முன் செல்லில் போட்டோ எடுங்கள். என்னைப் போல அனுமதி கேட்காமல் உதவி செய்பவரைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. இப்போது வரும் பல கார்களில் சீட்டுக்குள்ளேயே ஏர்பேக் இருக்கிறது. அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது சாதாரண ஒயர் இல்லை. பேட்டரியைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருக்கத் தெரியாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். அந்த இடத்தில் மெக்கானிக்குக் கொடுக்கும் காசு தண்டமில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவும் பிள்ளையும் கூரையைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார்கள். "சீட் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"சீட்டுக்கென்ன, நல்லாத்தான் இருந்தது. காத்துல தலைதான் சிக்காயிடுச்சு" என்றாள்.