பிரிவு 29-க்குப் பணம் எங்கே?

கலைஞர்களாகவும் எழுத்தாளர்களாகவும் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வசதியும் ஆதரவும் பொருளுதவியும் தர வேண்டும். நடனம், ஓவிய வகுப்பு, சாரணர் இயக்கம், வெளிப்புற முகாம் ஆகியவற்றில் அவர்கள் பங்கேற்க வழி செய்ய வேண்டும். கலைப் பாடத்திட்டங்களை அவர்களும் பயிலும்படி திருத்தி அமைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 29-ஆம் பிரிவு அரசுகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இட்டிருக்கும் கட்டளை இது. சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தக் கட்டளையை நிறைவேற்றும் பணம் எந்தத் துறையின் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது என்று கேட்டால் இன்றும் நேரான பதில் கிடைப்பதில்லை.

காது கேளாத இளைஞர்களை வைத்து நாடகம் போடும் ஒரு சிறு குழு நிதி தேடிப் புறப்பட்டால் என்ன நடக்கும்? கலை பண்பாட்டுத் துறைக்குப் போனால், ‘இது மாற்றுத்திறனாளிகள் விஷயம், அந்தத் துறையில் கேளுங்கள்’ என்பார்கள். அங்கே போனால் பராமரிப்பு உதவித்தொகை, மூன்று சக்கர வண்டி, செயற்கைக் கால், காதொலிக் கருவி என்று ஒரு பட்டியல் இருக்கும். நாடகம் அதில் இருக்காது. கலையைக் கையில் வைத்திருக்கும் துறைக்கு மாற்றுத்திறனாளி தெரியவில்லை. மாற்றுத்திறனாளியைக் கையில் வைத்திருக்கும் துறைக்குக் கலை தெரியவில்லை. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் பிள்ளைகளின் இளமை கழிகிறது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஒன்றிய பண்பாட்டு அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு வழங்கும் உதவித்தொகையைப் பாருங்கள். வயது 18 முதல் 25 வரை. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. நல்ல திட்டம்தான். ஆனால் விண்ணப்பிப்பவர் ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டு பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. 18 வயதில் விண்ணப்பிக்க வேண்டுமானால் 13 வயதிலேயே வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். மூளை முடக்குவாதத்துடன் பிறந்த ஒரு பெண்ணின் 13-ஆம் வயது எப்படிப் போகிறது என்று இந்த விதியை எழுதியவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்த்தார்களா? இயன்முறை மருத்துவம், அறுவை சிகிச்சை, சேர்த்துக்கொள்ளும் பள்ளியைத் தேடுவது என்றே வீட்டின் பணமும் பொழுதும் தீர்ந்துபோகும் ஆண்டுகள் அவை. அதற்குப் பிறகும் ஆசையோடு பாட்டு வகுப்பு வாசலுக்குப் போனால், ‘இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வராதும்மா’ என்று திருப்பி அனுப்பும் ஆசிரியர்களே அதிகம். வாசலில் படிக்கட்டு, மாடியில் வகுப்பறை. கற்கும் வழியை அடைத்து வைத்துவிட்டு, கற்றதற்குச் சான்று கேட்பது அநீதி. 25 வயது உச்சவரம்பும் தாமதமாகத் தொடங்கியவர்களுக்குக் கதவை இழுத்து மூடிவிடுகிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிதியத்திலும் கலைக்கு இடம் உண்டு. ஆனால் அது மாநில அளவில் ஏற்கெனவே சிறந்து விளங்கியவர்கள் தேசிய, சர்வதேச நிகழ்வுகளுக்குப் போவதற்கான உதவி. மேடை ஏறிவிட்டவருக்குப் பயணச் செலவு கிடைக்கும். முதல் வகுப்புக்குப் போக ஆட்டோ கட்டணம் இல்லாத பிள்ளைக்கு எதுவும் கிடையாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர், அடுத்த வாசல். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, நிகர லாபம் ஐந்து கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம்கூடத் தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. அதில் மாற்றுத்திறனாளிகள் வெளிப்படையாக இடம்பெறுவது கல்வி, தொழில்திறன், வாழ்வாதாரம் என்ற தலைப்பில். கலை வருவது தேசியப் பாரம்பரியம், பழங்காலக் கட்டடங்கள், மரபுக் கலைகள் என்ற வேறொரு தலைப்பில். பார்வையற்ற இளைஞர்களின் நவீன நாடகம் எதில் சேரும்? ‘எதிலும் சேராது’ என்று கோப்பை மூடிவிடுவது நிறுவனங்களுக்கு வசதியாக இருக்கிறது. இந்தச் சாக்கு செல்லாது. ஏழாம் அட்டவணையின் இனங்களைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014 ஜூனிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. கொடுக்க மனமில்லாதவர்கள் சட்டத்தைக் காரணம் காட்டக் கூடாது.

கொடுக்க மனமுள்ள நிறுவனமும் யாருக்குக் கொடுக்க முடிகிறது? சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டுப் பணி அனுபவம் இத்தனையும் உள்ள அமைப்புக்குத்தான். திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ நான்கு பெற்றோர்கள் சேர்ந்து, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு வாடகை அறையில் பறை வகுப்பு நடத்தினால், அவர்களிடம் இவற்றில் ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் பெரிய தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு நிதியில் ஒரு பங்கைச் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. பெறும் அமைப்பும் வெளிநாட்டு நிதி பெறப் பதிவு செய்திருந்தால் போதும். 2020-இல் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தை (எஃப்சிஆர்ஏ) திருத்தி அந்தப் பகிர்வையே தடை செய்துவிட்டார்கள். முறைகேட்டைத் தடுக்கத்தான் என்கிறது ஒன்றிய அரசு. முறைகேட்டைத் தணிக்கை செய்து பிடிக்கலாமே! அடைத்த வழிக்கு மாற்றாக உள்நாட்டில் ஒரு சிறுநிதித் திட்டத்தையாவது தொடங்கியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

நிதி கிடைத்த இடத்திலும் வரவுசெலவுப் பட்டியலில் முதலில் அடிபடுவது எது தெரியுமா? சைகை மொழிபெயர்ப்பாளர் ஊதியம், உடன் வரும் உதவியாளரின் படி, சக்கர நாற்காலி ஏற்றும் வண்டி வாடகை. ‘இவ்வளவு கூடுதல் செலவா?’ என்று கேட்டுச் சிவப்பு மையால் கோடு போடுகிறார்கள். மேடை விளக்கு எப்படி நிகழ்ச்சியின் செலவோ, மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான். அவர் இல்லாமல் ஒத்திகையே நடக்காது. இங்கிலாந்தின் கலை மன்றம் இதை எப்போதோ புரிந்துகொண்டது. மாற்றுத்திறனாளிக் கலைஞரின் அணுகல் செலவை அங்கே தனியாகக் கணக்கிட்டு வழங்குகிறார்கள். விண்ணப்பத்தை எழுதவே உதவி தேவைப்படுவோருக்கு, அந்த உதவியாளரின் ஊதியத்தையும் மன்றமே ஏற்கிறது. நம் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றைப் பார்வையற்றவர் திரைவாசிப்பான் துணையோடு நிரப்பி முடிப்பதே பெரும்பாடு.

திறமை இல்லாததால் பணம் ஒதுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னையில் அம்பிகா காமேஷ்வர் தொடங்கிய ‘ராசா’ அமைப்பு 1989 முதல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுடன் நடனமும் நாடகமும் செய்துவருகிறது. எபிலிட்டி பவுண்டேஷன் 2005-இலேயே மாற்றுத்திறனாளிகள் பற்றிய சர்வதேசத் திரைப்பட விழாவைச் சென்னையில் நடத்திக் காட்டியது. தனியார் முயற்சிகள் இத்தனை காலம் தாங்கிப் பிடித்த வேலை இது. அரசு இதைக் கற்றுக்கொண்டு மாவட்டம்தோறும் கொண்டு சென்றிருக்க வேண்டும்.

அரசால் முடியாதா என்றால், விளையாட்டில் முடிந்திருக்கிறதே. 2016 ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு தங்கம் வென்றபோது தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் பரிசளித்தது. அதற்குப் பிறகு எத்தனை ஊர்களில் எத்தனை பெற்றோர் தம் பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப் போகத் துணிந்திருப்பார்கள்! பதக்கம் தராத கலைக்கு அந்தத் துணிவை யார் தருவது? மாநிலத்தின் ‘உரிமைகள்’ திட்டத்துக்கு உலக வங்கி 2022-இல் 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்தது. மறுவாழ்வுச் சேவையை வீட்டருகே கொண்டுவரும் அந்தத் திட்டத்தை வரவேற்கிறோம். அந்த மையங்களில் சிகிச்சை அறைக்குப் பக்கத்தில் பாட்டுக்கும் படம் வரைவதற்கும் ஓர் அறை வேண்டும், சம்பளம் வாங்கும் ஒரு கலை ஆசிரியர் வேண்டும். இது ஆடம்பரக் கோரிக்கை ஆகாது.

ஆகவே திருத்துங்கள். பண்பாட்டு அமைச்சகம் ஐந்தாண்டுப் பயிற்சி விதியிலிருந்து மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு விலக்கு அளித்து, வயது வரம்பையும் தளர்த்த வேண்டும். வளர்ச்சித் திட்டங்களில் ஐந்து விழுக்காடு ஒதுக்கீடு வேண்டும் என்று அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. இயல் இசை நாடக மன்றத்தின் நிதியுதவிகளிலும், ஜவகர் சிறுவர் மன்றங்களின் சேர்க்கையிலும், பொங்கலுக்குச் சென்னை சங்கமத்தில் மேடை ஏறும் குழுக்களிலும் அந்த ஐந்து விழுக்காடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அணுகல் செலவு தனித் தலைப்பாக வேண்டும். பதிவு பெறாத சிறு குழுக்களும் மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பிக்கும் சிறுநிதி ஒன்று உடனே தேவை. உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல் சட்டம் செய்த அரசு, அந்த உறுப்பினர்கள் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்க ஒரு தொகையையும் சேர்த்து ஒதுக்கட்டும்.

அடுத்த மானியக் கோரிக்கையின்போது கலை பண்பாட்டுத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் தத்தம் கொள்கை விளக்கக் குறிப்பைச் சட்டமன்றத்தில் வைக்கும். 29-ஆம் பிரிவுக்கென்று எவ்வளவு ஒதுக்கினோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எந்தெந்த மாவட்டத்தில் கொடுத்தோம் என்று இரண்டு குறிப்புகளிலும் எழுதியாக வேண்டும். எழுத ஒன்றுமில்லை என்றால் அதற்கான காரணத்தைப் பொறுப்பான அமைச்சர்கள் அவையில் எழுந்து நின்று சொல்லட்டும்.