குட்டிப் படத்தை நம்பிக் குழி தோண்டலாமா?

"சார், நீங்க அனுப்புன பிளான் பார்த்துதான் குழி எடுத்தோம். இப்ப வந்து ஒம்பது இஞ்ச் தள்ளணும்னா எப்படி சார்?"

மேஸ்திரியின் இந்தக் கேள்விக்கு அன்று அந்த மனையில் நின்ற யாரிடமும் பதில் இல்லை. வீட்டுக்காரர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் போனை எடுத்து, அலுவலகத்தில் வரைபடம் போடும் தம்பியை அழைத்தார். "புது பிளான்தானே அனுப்புன?" "ஆமா சார், புதுசுதான்."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. திருத்தம் செய்த அதே ஆட்டோகேட் ஃபைலில் இருந்துதான் பிடிஎஃப் எடுத்திருந்தார். ஃபைல் புதியது, அதற்குள் அவர் தேர்ந்தெடுத்த தாள் பழையது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்குள் மூன்று குழிகளில் பிசிசி போட்டு முடித்திருந்தார்கள். அதை உடைத்து, குழியை ஒரு பக்கம் அகலப்படுத்தி, மறுபடி கான்கிரீட் போட வேண்டியதாயிற்று. நான் அருகில் இருந்து பார்த்த சம்பவம் இது. கட்டுமானத் துறையில் இருக்கும் பலருக்கும் இதுபோல ஒரு கதை இருக்கும்.

இதைக் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஃபைலுக்குள் தாள்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் உண்மையான பிரச்சினை என்பது என் கருத்து.

மாடல் வேறு, லேஅவுட் வேறு

ஆட்டோகேட் முதலில் வெளிவந்தது 1982-ல். வரைவதற்கு ஓர் இடம், அச்சுக்கான தாளுக்கு வேறோர் இடம் என்ற பிரிவு 1990-ல் வந்த 11-வது பதிப்பில்தான் வந்தது. ஒரே ஃபைலுக்குள் பல தாள்களை வைத்துக்கொள்ளும் லேஅவுட் டேப்கள், 'ஆட்டோகேட் 2000' பதிப்பில் சேர்ந்தன. இன்று பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்ற மென்பொருள்களிலும் இதே அமைப்புதான்.

'மாடல்' என்பது வீட்டை அதன் நிஜ அளவில் வரையும் இடம். பத்தடி அறை என்றால் அங்கே பத்தடிதான். 'லேஅவுட்' என்பது அச்சாகப் போகும் தாள். அந்தத் தாளில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் வழியே மாடலைப் பார்க்கிறோம். அந்த ஜன்னலுக்குப் பெயர் வியூபோர்ட். ஜன்னலில் 1:100 என்று அளவுகோல் வைத்தால், மாடலில் உள்ளது நூறில் ஒரு பங்காகத் தாளில் தெரியும்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. மாடலில் ஒரு சுவரை நகர்த்தினால், அந்தச் சுவரைக் காட்டும் எல்லாத் தாள்களிலும் அது நகர்ந்துவிடும். ஒவ்வொரு தாளாகப் போய்த் திருத்த வேண்டியதில்லை. "அப்புறம் எப்படி சார் பழைய பிளான் வரும்?" என்று புதிதாகக் கற்பவர்கள் கேட்பது இதனால்தான்.

வரும். இரண்டு வழிகளில் வரும். முதலாவது, தாளின் மேலேயே நேரடியாக எழுதியவை. 'திருத்தம் 2', தேதி, "தூண் சி3 பார்க்க" போன்ற குறிப்புகள் எல்லாம் மாடலோடு சேர்ந்து மாறாது. நாம் மாற்றினால்தான் உண்டு. இரண்டாவது, நம் ஊர் அலுவலகங்களில் மிகவும் சகஜமான பழக்கம். வீட்டுக்காரர் மாற்றம் கேட்டால், பழைய பிளானை அழிக்க மனசு வராது. "திரும்பவும் பழசே வேணும்னு சொல்லுவாரு" என்ற பயம். அதனால் மாடலிலேயே பிளானைக் காப்பி செய்து பக்கத்தில் வைத்து, அதில் திருத்துவோம். இப்போது மாடலில் இரண்டு வீடுகள். பழைய லேஅவுட்டின் ஜன்னல் பழைய வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த லேஅவுட்டைக் காப்பி செய்தால் மென்பொருள் தானாக 'லேஅவுட்1 (2)' என்று பெயர் வைக்கும். அதையும் காப்பி செய்தால் 'லேஅவுட்1 (3)'. இரண்டு மாதம் கழித்து இதில் எது கடைசி என்று வரைந்தவருக்கே தெரியாது.

குட்டிப் படம் சொல்லாதது

"அதான் பிரிவியூ இருக்கே, பார்த்தா தெரிஞ்சுடுமே" என்பார்கள். புதிய பதிப்புகளில் ஃபைல் டேப் மேல் மவுஸை வைத்தால் மாடலும் லேஅவுட்களும் வரிசையாகச் சிறு படங்களாகத் தெரியும். ஒரு டஜன் தாளில் மின்சார வரைபடம் எது, முகப்புத் தோற்றம் எது என்று கண்டுபிடிக்க அது அருமையான வசதிதான். ஆனால் ஒரே தாளின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏ2 தாளின் அகலம் 594 மி.மீ. குட்டிப் படம் சுமார் 200 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் திரையில் ஒரு புள்ளி, தாளில் ஏறக்குறைய 3 மி.மீ. 1:100 அளவில் அது தரையில் 300 மி.மீ., அதாவது ஓர் அடி. நம் கதையில் தூண் நகர்ந்தது 9 அங்குலம், சுமார் 229 மி.மீ. ஒரு புள்ளிகூட இல்லை! எவ்வளவு கூர்மையான கண் இருந்தாலும் அந்தப் படத்தில் இது தெரியப் போவதில்லை.

விண்டோஸ் ஃபோல்டரில் தெரியும் ஐகான் படமும் இப்படித்தான். வழக்கமான அமைப்பில், கடைசியாக சேவ் செய்தபோது திரையில் என்ன இருந்ததோ, அதுதான் அங்கே வரும். மாடிப்படியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சேவ் செய்தால், முழு வீட்டின் ஃபைலுக்கும் மாடிப்படிதான் முகம். அதைப் பார்த்து "இது படிக்கட்டு ஃபைல்" என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, பெயர் வைப்பது. 'லேஅவுட்1' என்ற பெயரில் ஒரு தாள்கூட இருக்கக் கூடாது. டேப்பை இருமுறை கிளிக் செய்தால் பெயர் மாற்றலாம். முதலில் தாள் எண், அடுத்து பொருள்: '01 தூண் அமைவிடம்', '02 தரைத்தளம்' என்பதுபோல. இழுத்து வரிசைப்படுத்தவும் முடியும். தாளின் தலைப்புக் கட்டத்தில் பெயரைக் கையால் டைப் செய்யாமல், டேப்பின் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும் 'ஃபீல்டு' வைத்துவிட்டால், டேப்பில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர் என்ற குழப்பம் வராது.

இரண்டாவது, பழையதை வெளியே அனுப்புவது. மாற்றம் வரும்போது முழு ஃபைலையும் தேதியோடு 'பழையது' என்ற ஃபோல்டரில் ஒரு காப்பி போடுங்கள். பிறகு நடப்பு ஃபைலில் பழைய பிளானையும், அதைக் காட்டும் லேஅவுட்டையும் தயங்காமல் நீக்குங்கள். லேஅவுட்டை நீக்கினால் வீடே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். போகாது. அந்தத் தாளும் அதன் மேல் எழுதியவையும்தான் போகும்; மாடலில் வரைந்தது அப்படியே இருக்கும்.

மூன்றாவது, வியூபோர்ட்டைப் பூட்டுவது. பூட்டாத ஜன்னலுக்குள் போய் மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால் அளவுகோல் மாறிவிடும். 1:100 என்று எழுதியிருக்கும் தாள் 1:97-ல் அச்சாகும். ஸ்கேல் வைத்து அளக்கும் மேஸ்திரிக்கு அது எப்படித் தெரியும்?

நான்காவது, டேப்களை மறைத்து வைக்காதீர்கள். திரையில் இடம் வேண்டும் என்று சிலர் மறைத்துவிடுகிறார்கள். கமாண்ட் வரியில் 'லேஅவுட்டேப்' என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து 1 கொடுத்தால் திரும்ப வந்துவிடும். கண்ணில் படாத தாளை யாரும் சரிபார்ப்பதில்லை.

கடைசியாக, அனுப்பும் முன் பிடிஎஃப்பைத் திறந்து, எந்த அளவு மாறியதோ அந்த ஓர் எண்ணைப் பெரிதாக்கிப் படியுங்கள். அன்று அந்தத் தூணின் தூரத்தை ஒருவர் படித்திருந்தால் போதும்.

பொறுப்பு யாருடையது?

"இதெல்லாம் செய்ய எங்க சார் நேரம்?" என்று வரைபடம் போடுபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக மாற்றம் வரும். காலை ஏழு மணிக்கு சைட்டில் பிளான் வேண்டும். பயிற்சி மையங்களிலும் கோடு, வட்டம், ஹேட்ச் என்று கட்டளைகளைச் சொல்லித் தருவதற்குக் கொடுக்கும் நேரத்தை, தாள்களை நிர்வகிக்கச் சொல்லித் தருவதற்குக் கொடுப்பதில்லை. அதனால் தவறு நடக்கும்போது சம்பளம் குறைவாக வாங்குகிறவர் தலையில் பழியைப் போடுவது சரியல்ல. தலைப்புக் கட்டத்தில் யாருடைய கையெழுத்து இருக்கிறதோ, அவர்தான் அந்த ஓர் எண்ணைப் படிக்க வேண்டியவர்.

தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு இப்போது கூடியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி தரும் முறை 2024 ஜூலையில் வந்தது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் "இது சரியான பிளான்" என்று உறுதி சொல்வது இப்போது நாம்தான். தவறான தாள் ஏற்றப்பட்டால், அதைப் பார்த்துத் திருப்பி அனுப்ப இன்னொருவர் இருப்பார் என்று இனி நம்பிக்கொண்டிருக்க முடியாது.

அந்த மனையில் அன்று கான்கிரீட்டை உடைத்த இரண்டு பேருக்கும் கூலி கொடுத்தது வீட்டுக்காரர்தான். அவர் ஆட்டோகேட்டைப் பார்த்ததே இல்லை. "எந்தத் தாள் கடைசி" என்று ஃபைலைத் திறந்தவுடன் தெரியும்படி வைத்திருக்க நமக்கு ஆகும் நேரம் பத்து நிமிஷம். அதை நாம் செலவழிக்காவிட்டால் கணக்கு அவருக்குத்தான் போகிறது.