கடல் கடந்து திரும்பிய பிடில்

பிடில் மேனாட்டார் கொணர்ந்த வாத்தியம். அதனைக் கருநாடக சங்கீதத்துக்கு இசைவித்தவர்களுள் முதல்வராகப் பாலுசுவாமி தீட்சிதரைச் சொல்வர். அங்கே தாடையின் கீழ் வைத்து வாசிக்கப்பட்ட கருவி, இங்கே சம்மணமிட்டு அமர்ந்த வித்துவானின் வலது பாதத்தில் தலை சாய்த்தது. தாங்கிப் பிடிக்கும் பாரம் நீங்கவே, இடக்கை தந்தியின்மேல் வழுக்கியோடிக் கமகம் பேசலாயிற்று. ஆயினும் பாட்டுக்காரரின் பக்கவாத்தியமாய் இருப்பதே நெடுங்காலம் அதன் கதியாயிருந்தது.

இக்குறையை மனத்திற் கொண்டவர் வி. லட்சுமிநாராயண ஐயர், 1950களில் நமது யாழ்ப்பாணத்தில் சங்கீதம் போதித்தவர். பிடில் தனித்து நின்று உலக மேடையிற் பேசவேண்டும் என்பது அவர் கனவு. வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்னும் மைந்தர் மூவருக்கும் அவரே குரு. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்கு மீண்டது. அன்று நாம் இழந்தது எத்துணை என்பது பல்லாண்டுகள் கழித்தே நமக்குத் தெரிந்தது.

சுப்பிரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று வைத்தியரானார். நம் வீடுகளிலாயின் அப்பட்டம் கைக்கு வந்த அன்றே பிடில் பெட்டிக்குள் உறங்கப் போயிருக்கும்! அவரோ கலிபோர்ணியாக் கலைக் கல்வி நிலையஞ் சென்று, மேனாட்டுச் சங்கீதத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். வித்துவான் என்று பெயரெடுத்த பின்பு மாணவனாய் வாங்கில் அமர்வது எளிதன்று. அவர் வாழ்வில் என்னை மிகக் கவர்ந்தது இதுவே.

கலப்பிசை என்றதும் முகஞ் சுளிப்போர் நம்மிடையே உளர். அதற்கு நியாயமும் உண்டு. ஓர் இராகத்தை வாசித்து, அதன்மேல் மேனாட்டு மேளத்தை ஏற்றிவிட்டாற் போதுமா? நமது இசை ஒற்றை இழையாய், கற்பனையை நம்பிச் செல்வது. அவர்களுடையதோ பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்க, எழுதிய ஏட்டின்படி நடப்பது. கற்பனைசுரத்தை ஏட்டில் எங்ஙனம் எழுதுவது? இராகபாவமும் கெடாமல், பெரிய வாத்தியக் குழுவொன்றுக்கு எழுத முனைபவனுக்கு இரண்டு இலக்கணமும் கைவந்திருத்தல் வேண்டும். 1985இல் சுபின் மேத்தாவின் நடத்துகையில், நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழுவினருடன் சுப்பிரமணியம் வாசித்த ‘வேத மந்திரக் கற்பனை’ இவ்விரண்டும் கைவந்த ஒருவரின் ஆக்கம்.

யெஹூதி மெனூஹினோடும், பிரான்சிய ஜாஸ் வித்துவான் ஸ்தெபான் கிறப்பெலியோடும் அவர் வாசித்ததுண்டு. 1988இல் வெளிவந்த ‘சலாம் பொம்பே’ படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. கூட்டு முயற்சிகள் யாவும் ஒரே தரத்தன என்று யான் சொல்லேன். சிலவற்றில் இரு நண்பர்கள் மாறி மாறிப் பேசுவதே கேட்கிறது, உரையாடல் கேட்பதில்லை. தம்பி சங்கர் வேறு வழி சென்றார். ஜோன் மக்லோக்லினுடன் ‘சக்தி’ குழுவில் வாசித்துப் புகழ்பெற்ற அவர், பின்னர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டைப் பிடிலைக் கைக்கொண்டார்.

தந்தையார் 1990இற் காலமானார். 1992 முதல் அவர் பெயரால் உலக இசை விழாவொன்றைச் சுப்பிரமணியம் நடத்தலானார். யாழ்ப்பாணத்தில் நம் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியரின் பெயர் பல நாட்டு அரங்குகளில் எழுதப்பட்டது அவ்வாறே.